மாறும் விருப்பும் மனித ஆளுமையும்

இருபது வயதில் வேகத்தையும் முழக்கத்தையும் வேண்டி மோட்டார் சைக்கிளைத் தெரிவு செய்பவன், நாற்பதில் பின்னிருக்கையின் அகலத்தையும் எரிபொருட் செலவையும் நோக்குகின்றான். அறுபதிலோ பாரங் குறைந்ததும், நிறுத்தும்போது கால் எளிதில் நிலத்தில் ஊன்றக்கூடியதுமான வண்டியை நாடுகின்றான். இவற்றுள் எது அவனது மெய்யான விருப்பு? முன்னையதைக் கைவிட்டவன் தன்னையே கைவிட்டவனாவானா? அற்பமெனத் தோன்றும் இவ்வினா, மனித ஆளுமையின் தொடர்ச்சி பற்றிய வினாவேயாம்.

ரசனையின் அளவுகோல் பற்றி 1757இல் கட்டுரை வரைந்த ஸ்கொத்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், இளைஞன் காதற் கவிஞனான ஓவிட்டை விரும்புதலும், ஐம்பது வயதினன் வரலாற்றாசிரியனான டசிற்றசை விரும்புதலும் இயல்பென ஏற்றார். வயதுக்கேற்ப உள்ளம் தனக்கிசைந்ததைத் தேடும் என்பது அவர் கருத்து. ஆயின், விருப்பு மாறுவதற்கு வயது மட்டுந்தான் காரணமா?

மோட்டார் சைக்கிளின் வரலாறு வேறொன்றையும் காட்டுகின்றது. 1959இல் வெளிவந்த பிரித்தானியாவின் ட்ரையம்ப் பொனவில் ஒரு காலத்து இளைஞரின் கனவாக விளங்கியது. 1969இல் ஜப்பானின் ஹொண்டா சி.பி. 750 நான்கு சிலிண்டர்களோடும் மின்தொடக்கியோடும் வந்ததும் அக்கனவு இடம்பெயர்ந்தது. பொனவில்லைச் செய்த மெரிடன் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. எனினும் 2001இல், பழைய தோற்றத்தையே தழுவிய புதிய பொனவில் சந்தைக்கு வந்தது. இழந்த இளமையை விலைக்கு வாங்கலாம் என்ற மயக்கமும் அதனோடு சேர்ந்தே விற்பனையாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. எனவே, எமது ரசனையென நாம் கருதுவது சில வேளைகளில் பிறர் எமக்குள் விதைத்ததாகவும் இருத்தல் கூடும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் எமது மண்ணில் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக்குட்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாயிற்று. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டினர். அக்காலத்தில் அழகையோ வேகத்தையோ தேடுவார் இலர். புகை கக்கினும் வீடு கொண்டு சேர்க்கும் சிறிய வண்டியே போதுமாயிருந்தது. ஆயினும், தேவையால் ஏற்ற பொருளின்மீது பற்றும் வளர்ந்தது. என் தந்தையார் அத்தகைய ஐம்பது சீ.சீ. வண்டியொன்றை இன்றும் துடைத்து வைத்திருக்கின்றார். புதியது வாங்கும் வசதி வந்த பின்னரும் அதனை விற்றாரில்லை. காரணம் வினவியபோது, "உன்ர அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏத்திப்போனது இதிலதான்" என்று மட்டும் கூறினார்.

அவ்விடை எனக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கொண்ட விருப்பு, அவர்தம் பார்வை திரும்பியதும் அழிந்துவிடும். பிறரைச் சுமக்கும்பொருட்டுக் கொண்ட விருப்போ, வண்டி மாறினும் பண்பாக எஞ்சி நிற்கும். ஆகவே விருப்பு மாறுதல் பிழையன்று. அஃது எதன்பொருட்டு மாறியது என்பதற்குத் தனக்குத்தானே விடை கூறவியலாமையே பிழை. வேகத்தை நாடும் இளைஞனை முதியோர் இகழ்தலும் தகாது. அவனது பின்னிருக்கை இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது. அதில் ஒருவர் அமரும் நாளில் அவனது கை தானாகவே வேகத்தைத் தணிக்குமாயின், அம்மாற்றத்தை ஆளுமையின் சிதைவெனக் கொள்ளாது வளர்ச்சியெனவே கொள்ளல் வேண்டும் என்பது எமது துணிபு.