பாதையின் ஹக்கு

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு; அவற்றுள் மிக உயர்ந்தது கலிமா, கீழ்ப்படியில் இருப்பது பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருப்பதை நாம் அறிவோம். மதரஸாவில் ஓதிய காலத்திலேயே இதை மனனம் செய்தவர்கள் நம்மில் பலர். பாதையில் கிடந்த ஒரு முட்கிளையை ஒதுக்கிப் போட்ட மனிதருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு வழங்கினான் என்ற செய்தியையும் பயான்களில் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம்.

ஓதியதற்கும் வாழ்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை ஒரு வெள்ளிக்கிழமை நமக்குக் காட்டிக் கொடுத்தது.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலின் படியிறங்கினோம். வாசலின் இரு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாக நின்றன. நடைபாதை முழுவதும் அவற்றின் அடியில் மறைந்து கிடந்தது. பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் அந்த வரிசையில் இடைவெளி தேடினார், கிடைக்கவில்லை. இருவரும் சாலையில் இறங்கி நடந்தார்கள். பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு, பெரியவரின் ஜிப்பாவை உரசுவது போல நின்றது. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நேரவில்லை. கூடியிருந்தவர்கள் லாரி டிரைவரைத் திட்டினார்கள். நாமும் திட்டினோம். பிறகுதான் கவனித்தோம்: நடைபாதையை மறித்து நின்ற வண்டிகளில் நம்முடையதும் ஒன்று!

அன்றிலிருந்து இரண்டு கேள்விகள் நம்மை விடவில்லை. முள்ளை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், நாமே முள்ளாகக் கிடப்பதற்கு என்ன பெயர்? ஒருவர் குனிந்து எடுக்க முடியாத அளவுக்கு முள் பெரிதாகிவிட்டால், அதை அகற்றும் பொறுப்பு யாருடையது?

இன்றைய முள்

அந்தக் காலத்துப் பாதையில் கிடந்தது ஒரு கல், ஒரு கிளை. இன்று நம் பாதையில் கிடப்பவை வேறு. நடைபாதையே இல்லாத சாலை, ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் நாற்கரச் சாலையில் கடப்பதற்கு வழியில்லாத மைல் கணக்கான தூரம், மூடியில்லாத சாக்கடை, எரியாத தெருவிளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக, வேகம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிரைப் பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலைகளில் இறப்பதாக அந்நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்தும், சைக்கிளிலும், மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்கள். நம் நாட்டில் 2022-ம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 ஜனாஸாக்கள்!

இவர்கள் யார்? பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு நடந்த கூலித் தொழிலாளி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை. இஷாவுக்குப் புறப்பட்ட முதியவர். வண்டி வைத்திருப்பவரால் ஏழைக்கும், வேகமாகப் போகிறவரால் மெதுவாகப் போகிறவருக்கும் வருகிற தீங்கு இது. ஆகவே இதை வெறும் போக்குவரத்து விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. இது நீதி பற்றிய விஷயம்.

விதி என்று சொல்லி விடலாமா?

விபத்தில் இறந்தவரின் வீட்டுக்குப் போகிறோம். "அவருடைய ஆயுசு அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்கிறோம். அது சரிதான். கத்ரை நம்புவது ஈமானின் அடிப்படைகளில் ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த நம்பிக்கையை விட்டால் வேறு மருந்து ஏது?

ஆனால், இழந்தவருக்கு மருந்தாகிற வார்த்தையை, இழப்புக்குக் காரணமானவர் தமக்குக் கேடயமாக எடுத்துக்கொள்ளலாமா? இங்கேதான் நாம் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

திருக்குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 92-வது வசனத்தைப் பாருங்கள். ஒரு முஃமினைத் தவறுதலாக, எண்ணமே இல்லாமல் கொன்றுவிட்டவர் பற்றிய சட்டம் அது. இறந்தவரின் குடும்பத்தினர் மன்னித்து விட்டுக் கொடுத்தாலன்றி நஷ்டஈடு செலுத்த வேண்டும். ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு இயலாதவர் இரண்டு மாதங்கள் இடைவிடாமல் நோன்பு நோற்க வேண்டும். எல்லாம் விதி, எவர்மீதும் பொறுப்பில்லை என்றிருந்தால் இந்தப் பரிகாரம் எதற்கு? மரணத்தின் நேரம் அல்லாஹ்வின் ஏற்பாடு. நம் கையும் காலும் செய்ததற்குக் கணக்கு நம்மிடம். மார்க்கம் இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பது தெரியவந்தது. அவர்கள் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று ஹஸ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் அளித்தார்கள். ஆபத்தைத் தவிர்க்க எடுக்கும் முயற்சியும் கத்ருக்குள் அடங்கியதே. வேகத்தடை கேட்பது தவக்குலுக்கு விரோதம் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

"நடப்பவர்கள் மட்டும் ஒழுங்கா? பார்க்காமல் குறுக்கே ஓடுகிறார்களே!" என்று சிலர் கேட்பார்கள். உண்மை. நடப்பவருக்கும் கடமை உண்டு. என்றாலும் தீங்கு செய்யும் சக்தி யாரிடம் அதிகமோ அவரிடமே பொறுப்பும் அதிகம். ஏழு வயதுப் பிள்ளையால் வரும் லாரியின் வேகத்தைக் கணிக்க இயலாது. அந்தப் பிள்ளை தவறு செய்தாலும் உயிரோடு வீடு திரும்பும்படி சாலை அமைந்திருக்க வேண்டாமா?

பாதை நடப்பதற்கே

பாதையோரங்களில் உட்கார்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தவிர்க்கச் சொன்னபோது, கூடிப் பேச எங்களுக்கு வேறு இடமில்லையே என்றார்கள் தோழர்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் சொல்லுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவையே அந்த ஹக்கு. மனிதருக்கு ஹக்கு உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். பாதைக்கும் ஹக்கு உண்டு என்று சொல்லித் தந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

இன்னொரு செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் கூடாரங்களை நெருக்கியடித்துப் போட்டு வழியை அடைத்துவிட்டார்கள். நபியவர்கள் அறிவிப்பாளர் ஒருவரை அனுப்பி, வழியை அடைத்தவருக்கு ஜிஹாதின் பலன் இல்லை என்று முழங்கச் செய்தார்கள். உயிரைப் பணயம் வைத்துப் புறப்பட்டவர்களுக்கே இந்த எச்சரிக்கை என்றால், வழியை மறித்து வண்டியை நிறுத்திவிட்டு முதல் ஸஃப்பில் போய் நிற்கும் நம் நிலை என்ன? இதற்கு நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக் கொள்ளட்டும்.

ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவரான மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450-ல் மறைந்தவர்கள். ஆட்சி முறை பற்றி அவர்கள் எழுதிய 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்ற நூலில் முஹ்தஸிப் என்னும் அதிகாரியின் கடமைகளை விவரிக்கிறார்கள். பொதுப் பாதையில் யாரேனும் கட்டடம் எழுப்பினால், பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அவர் அதைத் தடுக்க வேண்டும். கட்டப்பட்டது பள்ளிவாசலாகவே இருந்தாலும் இடிக்கச் செய்ய வேண்டும். ஏனெனில் பாதை நடப்பதற்கானது என்பது அவர்களின் முடிவு. அல்லாஹ்வின் வீட்டுக்கே வழங்கப்படாத சலுகையை நம் கடைப் பலகையும், கல்யாணப் பந்தலும், மாநாட்டுப் பேனரும் எடுத்துக் கொள்கின்றனவே!

கேட்டுப் பெற்றவர்கள்

பெரிய முள்ளை எப்படி அகற்றுவது? தனியொருவரால் முடியாததை ஊர் கூடிச் செய்யலாம் என்பதற்கு உலகில் சான்று உண்டு.

இன்று சைக்கிள்களின் நாடு என்று பெயர் பெற்றிருக்கும் ஹாலந்தில் 1971-ம் ஆண்டு மூவாயிரத்துக்கும் அதிகமானோர் சாலையில் மாண்டனர். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தம் மகளை விபத்தில் இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972-ல், குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்களும் தந்தையரும் பிள்ளைகளோடு சைக்கிள் ஊர்வலம் போனார்கள். விபத்து நடந்த இடங்களில் கூடி நின்றார்கள். பிள்ளைகள் விளையாடுவதற்காகத் தெருக்களை அடைத்தார்கள். 1975-ல் சைக்கிள் ஓட்டுவோர் தனிச் சங்கம் கண்டார்கள். 1976-ல், வாகனங்கள் நடைவேகத்தில் மட்டுமே செல்ல வேண்டிய குடியிருப்புத் தெருக்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2023-ல் அந்நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 684 பேர். சீட் பெல்ட், மருத்துவம் முதலிய காரணங்களும் இதில் உண்டு. ஆயினும் தெருக்கள் மாறியது பெற்றோர் பேசியதால்தான். அவர்கள் நம் மார்க்கத்தார் அல்லர். நாம் ஓதுகிற ஹதீஸுக்கு அமல் செய்தவர்கள் போல் நடந்துகொண்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் அவர்கள் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அந்த வழக்கிலேதான் 2025 மே மாதம், நடப்பவர்களுக்கு நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டம் உறுதி செய்துள்ள வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறியது. ஒரு மனுவால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

புதுக்கோட்டை மாவட்டத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 1991-ல் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் நம் முஸ்லிம் சகோதரிகளும் உண்டு. ஏளனப் பேச்சுகளைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினார்கள். குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் சுதந்திரம் அவர்களுக்குக் கிடைத்தது. இன்று தமிழக அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சைக்கிளை ஓட்டிச் செல்லச் சாலையில் ஓர் ஓரம் வேண்டுமே! அதை யார் கேட்பது?

நம் மஹல்லாவில்

மக்களின் துன்பத்தை நீக்குவதை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்திருக்கிறார்கள் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள். சிலர் செய்தால் எல்லாருடைய பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் அனைவருமே குற்றவாளிகள். உடையற்றவருக்கு உடை, பசித்தவருக்கு உணவு என்று அவர்கள் உதாரணம் காட்டினார்கள். பிள்ளைகள் உயிருக்கு அஞ்சி நடக்கும் தெருவும் அத்தகைய துன்பமே என்று நாம் கருதுகிறோம்.

முதலில் நம் வாசல். வெள்ளிக்கிழமைகளில் வண்டி நிறுத்த நிர்வாகம் தனி இடம் பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் அருகில் குடியிருப்பவர்கள் நடந்தே வரட்டும். தொழுகைக்கு நடந்து வரும் ஒவ்வொரு அடிக்கும் நன்மை உண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம். அடுத்து நம் பிள்ளைகள். பதினாறு வயதுப் பையனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்து மகிழும் தகப்பனார், அவன் கையில் கொடுப்பது பிறர் வீட்டுப் பிள்ளையின் உயிரை என்பதை உணர வேண்டும்.

அதன் பிறகு ஊருக்காகப் பேசுவோம். ஜமாஅத்தார் ஒருநாள் அஸருக்குப் பின் தெருத் தெருவாக நடந்து பார்க்கட்டும். எங்கே நடைபாதை இல்லை, எங்கே விளக்கில்லை, மதரஸாப் பிள்ளைகள் எங்கே சாலையைக் கடக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். பெண்களையும் கேட்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் அவர்களே. பிறகு அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு, நகராட்சியிலோ கிராம சபையிலோ கலெக்டரின் குறைதீர் நாளிலோ மனுக் கொடுப்போம். பாதை எல்லாருக்கும் பொது. முட்கிளையை ஒதுக்கியவர் அடுத்து வருபவர் எந்த மதத்தார் என்று விசாரித்திருக்க மாட்டார்.

மனுக் கொடுப்பதும் இபாதத்தா என்று ஐயப்பட வேண்டாம். அன்று ஒரு கை போதுமாக இருந்தது. இன்று நூறு கையெழுத்துத் தேவைப்படுகிறது. முள் பெரிதானதால் அமல் மாறிவிடவில்லை. கீழ்ப்படி என்றால் அற்பமானது என்று பொருளல்ல. எல்லாருக்கும் எட்டுகிற படி அது. அதில் கால் வைக்காதவர் மேற்படிக்கு எப்படி ஏறுவார்?

அந்தப் பெரியவர் இப்போதும் ஜும்ஆவுக்கு வருகிறார். நாம் நடந்து போகிறோம். நம் வண்டி நின்ற இடத்தில் இப்போது வேறொருவரின் வண்டி நிற்கிறது. வேலை இன்னும் முடியவில்லை.

வல்ல நாயன் நம்மைப் பாதையின் ஹக்கைப் பேணுகிறவர்களாக ஆக்குவானாக. நம்மால் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக. ஆமீன்.