காலமும் கணக்கும்

சென்ற மாதம் பல்லாவரத்தில் அஸர் தொழுகை முடிந்ததும், கல்லூரியில் பௌதிகம் பயிலும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத்! எல்லோருக்கும் பொதுவான 'இப்போது' என்பதே இல்லை என்கிறது ஐன்ஸ்டீன் கொள்கை. அணுவுக்குள் நடப்பதையோ முன்கூட்டிச் சொல்லவே முடியாதாம். அப்படியானால் தொழுகைக்கு நேரம் என்பதற்கும், செய்த பிழைக்குத் தவ்பா என்பதற்கும் என்ன பொருள்?" என்று கேட்டார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. முகத்தில் கவலை இருந்தது.

வாசகர்களே! இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த ஊர் இது. இவ்வூர் மலையின் பாறையோ சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. இத்தகைய பாறைகளின் வயதை, அவற்றின் நுண்மணிகளில் யுரேனியம் சிதைந்து ஈயமாவதைக் கொண்டே கணிக்கிறார்கள். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். தனி அணு ஒன்று இன்று சிதையுமா, கோடி ஆண்டு கழித்துச் சிதையுமா என்று கேட்டால், குவாண்டம் விஞ்ஞானம் வாய்ப்பின் அளவை மட்டுமே சொல்லும். ஆனால் கோடானுகோடி அணுக்கள் சேர்ந்துவிட்டால் கணக்கு பிசகுவதில்லை.

இந்த நிச்சயமின்மை மனிதனின் பொறுப்பை நீக்கிவிடுமா? நீக்காது. அணு சிதைவது தற்செயல். அது எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. நாமோ நன்மை எது, தீமை எது என்று அறிந்தே செய்கிறோம். கேள்வி கணக்கு அதற்குத்தான்.

இனி, 'இப்போது' என்பதைப் பார்ப்போம். பல்லாவரத்திலும் மக்காவிலும் அஸர் ஒரே கணத்தில் வருவதில்லை. உலகம் முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டுமென்று மார்க்கம் கேட்கவே இல்லை; அவரவர் நின்ற இடத்துச் சூரியனையே பார்க்கச் சொன்னது. 1906-ல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நேரத்தைக் காட்டிய கடிகாரத்தை ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே தள்ள வேண்டியிருந்தது. சூரியனை யாரும் தள்ளவில்லை. மேலும், ஐன்ஸ்டீன் கொள்கைப்படியும் காரணம் முன்னும் விளைவு பின்னுமாகவே எவருக்கும் தோன்றும். பிழைக்குப் பின்னரே தவ்பா; அவ்வரிசை மாறுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. காலம் பிளக்க முடியாத கணங்களால் ஆனது என்று கலாம் கலை அறிஞர்கள் பலர் கூறினர். அதைக் காட்டி, 'குவாண்டம் கொள்கையை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர்' என்று பேசுவோர் உண்டு. அது சரியன்று. அத்தகைய காலத்துகளை இதுவரை எந்தச் சோதனையும் காட்டவில்லை. இரவல் பெருமையால் ஈமான் வளராது.

பேச்சின் முடிவில்தான் இளைஞர் மனம் திறந்தார். தம் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தும், 'நாளை, நாளை' என்று ஓராண்டாகத் தள்ளி வருகிறாராம். "தம்பி, அந்த அணுவின் தவணையும் தெரியாது, உங்கள் தவணையும் தெரியாது, அண்ணனுடையதும் தெரியாது. மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, போய்விட்டு வாருங்கள்" என்றோம். அவர் போனார். அன்று மஃரிபுக்கு அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஸஃப்பில் நின்றதைக் கண்டோம். அல்ஹம்துலில்லாஹ்!