செட்டியாரின் வேட்டியும் பர்மாவின் வயலும்

பிழைக்கப் போன நாட்டில் ஒருவர் சமயக் கோலத்தோடு வேலைக்கு வந்தால், அந்த ஊரோடு ஒட்டுவாரா? இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரப் பேருந்துகளில் வேலைபார்த்த சீக்கியர்கள் தலைப்பாகையும் தாடியும் வைக்கக் கூடாது என்று 1967-இல் மூண்ட தகராறு, 1969-இல் தடை நீங்கிய பிறகே ஓய்ந்தது. இதே கேள்விக்குக் காரைக்குடிப் பக்கம் பழைய அனுபவம் ஒன்று உண்டு.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டித் தொழிலுக்காகக் கொண்டுவிக்கப் போன நகரத்தாராகிய செட்டியார்களுக்குச் சீருடை விதித்தவர் யாருமில்லை. மழித்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் நீண்ட கூடம். அதில் வரிசையாகப் பெட்டியடிகள். ஒரு மரப்பெட்டி, ஒரு பாய், கணக்கேடுகள். ஒரு விலாசத்தின், அதாவது ஒரு வட்டிக்கடையின், அலுவலகம் அவ்வளவுதான். பகலெல்லாம் அங்கே சம்மணமிட்டுக் கொடுக்கல் வாங்கல். இரவில் அங்கேயே படுக்கை.

இந்தக் கோலத்தில் பக்தியோடு தொழிலும் கலந்திருந்தது. ரங்கூனில் நடப்பு வட்டியை முடிவுசெய்யக் கோயிலில்தான் கூடினார்கள். ஒருவருடைய நாணயம் கெட்டால் அந்தப் பேச்சும் கோயிலுக்கு வராமல் போகாது. திருநீறு பூசியவர் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருப்பவர் என்று பொருள். முன்பின் பழகாதவரிடமும் பணத்தை நம்பிக் கொடுக்க அது போதும்.

பர்மாக்காரர்களும் பல பத்தாண்டுகள் அந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டுதான் கடன் வாங்கினார்கள். 1930-ஐ ஒட்டி நெல் விலை விழுந்தது, கடன் அடைபடவில்லை, அடமான நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு விளைநிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் அது 25. அதன்பிறகு, நம்பிக்கைக்கு அடையாளமாக இருந்த அதே கோலம் வெறுப்புக்கும் அடையாளமாயிற்று.

ஆனால் உடையை மாற்றியிருந்தால் தப்பியிருப்பார்களா? பெரும்பாலானவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுக் கணக்கில் போனவர்கள். பெண்டு பிள்ளைகள் ஊரில். லாபமோ தேக்குத் தூணாகச் செட்டிநாட்டு வீடுகளில் நின்றது. பர்மியர் கட்டும் லோஞ்சியைக் கட்டியிருந்தாலும் நிலப் பத்திரம் காரைக்குடிக்காரர் பேரில்தான் இருந்திருக்கும். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு அவர்களை விரட்டியது. 1948-இல் வந்த நில தேசியமயச் சட்டம் மிச்சக் கணக்கையும் முடித்தது.

மலாக்காச் செட்டிகள் கதை வேறு. சுல்தான்கள் காலத்திலேயே போன தமிழ் வணிகர்கள் அங்கேயே பெண்ணெடுத்துக் குடும்பமானார்கள். பேச்சு மலாயாயிற்று, பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் உடுத்தினார்கள். சைவத்தை மட்டும் விடவில்லை: 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்களுடையது. உடை மாறியதால் ஒட்டியவர்கள் அல்ல. உறவு கொண்டதால் உடை மாறியவர்கள்.

சீருடைக்கு நியாயமே இல்லை என்பதல்ல. இயந்திரத்தில் சிக்கும் துணியையும் அறுவை அறையின் தூய்மையைக் கெடுக்கும் துணியையும் தடுப்பது வேலையின் தேவை. அதைத் தாண்டி, ஒட்டுதலுக்காக என்று சொல்லி உடைக்குத் தடை போடுவது இடம் தவறிய மருந்து. சிங்கப்பூரில் அரசு மருத்துவமனைத் தாதியர் பணியில் முக்காடு அணிய 2021 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அதற்காகக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் மலாய்ப் பெண்கள். யாரோடும் புதிதாக ஒட்ட வேண்டியவர்கள் அல்லர்.