கால்கட்டு எனும் வைத்தியம்

மார்கழியைப் போலவே வங்காளிகளின் பௌஷ மாதத்திலும் முகூர்த்தம் இல்லை. தை பிறந்ததும் கொல்கத்தாவின் கரியாஹாட் கடைகளில் கல்யாணக் கூட்டம் நெரியும். பெனாரசிச் சேலை எடுக்க வரும் வங்காளிகளோடு, பக்கத்து லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பங்களும் ஏறி இறங்கும். பெண் விஷயத்தில் தன்னை அடக்க முடியாத மகனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான் என்ற நம்பிக்கை இரு சாராரிடமும் உண்டு. மகனின் நிலையை அறிந்தே, பெண் வீட்டாரிடம் மறைத்து மணம் முடிப்பது அறமா?

ஆசை மிகுதி நோயல்ல. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல், ஆறு மாதமோ அதற்கு மேலோ பாலியல் உந்துதலை அடக்க முடியாமல் வாழ்க்கையே குலைவதைத்தான் கோளாறு என்கிறது. 'தப்புச் செய்கிறோமே' என்ற குற்ற உணர்வு மட்டும் அதற்குப் போதாது. சுய இன்பத்துக்கு அஞ்சி லாட்ஜ் வைத்தியரிடம் பணத்தைக் கொட்டும் பையன் இதில் சேரமாட்டான்.

இந்தக் கோளாறுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனால் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களிடம் இது கூடுதலாகத் தென்படுகிறது. மத்திய அரசின் 2007 ஆய்வில் 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள், நம்பப்பட்டவர்கள். சொல்ல வந்த பிள்ளையின் வாயைப் பொத்திய வீட்டுக்கு இதில் பங்கு உண்டு. அப்படி வளர்ந்த மகன்மேல் இரக்கம் கொள்ள அது நியாயமான காரணம். அந்த வீடு பட்ட கடனை, எதுவும் அறியாத இன்னொரு வீட்டுப் பெண் தீர்க்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

'சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்?' பெற்றோரின் இந்தப் பயம் பொய்யில்லை. மகனின் அந்தரங்கமும் மதிக்கத்தக்கதே. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் அவனே சொல்லியாக வேண்டும். அவளுடைய உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. அதற்கு முன் சிகிச்சை. கிரீந்திரசேகர் போஸ் 1922-இலேயே இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய ஊர் கொல்கத்தா. மனத்தைத் திறந்து பேசுவது இங்கே புதிதல்ல.

மணமான பிறகு தெரிந்தால் சட்டம் இருக்கிறதே என்பார்கள். முக்கிய உண்மையை மறைத்து ஏமாற்றிச் செய்த திருமணத்தை ரத்துசெய்ய இந்துத் திருமணச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் நிரூபிக்கும் சுமை அவள்மீது. ஏமாற்றம் தெரிந்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தெரிந்த பின்னும் சம்மதித்துச் சேர்ந்து வாழ்ந்தால் அந்த வழி அடைபடும். 'கொஞ்சம் பொறுத்துப் போம்மா' என்று இரு வீட்டாரும் சொல்லிக் கடத்தும் மாதங்களில்தான் அது அடைபடுகிறது.