விதியும் வலத்திருப்பமும்

தோட்டப்புறத்துப் பிள்ளையொருவன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டால், துக்கம் விசாரிக்க வருவோர் உரைக்கும் முதல் வார்த்தை, "அவன் விதி அவ்வளவுதான்" என்பதே. புத்திரசோகத்தில் மூழ்கிய தாய்க்கு அது ஓர் ஆதரவு. அதைப் பறிக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆயினும், மரணம் நிகழுமுன்பே அவ்வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நாம் வாளாவிருப்பது தர்மமாகுமா?

அம்மரணம் நிகழும் தோட்டவாயிலைச் சற்றே நோக்குவோம். 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனையைப் பயிரிட்டார். இன்று அவ்வட்டாரத்துக் குலைகளைச் சுமந்து தோட்டத்துச் சாலையிலிருந்து வெளிவரும் லோரி, இடப்பக்கம் ஓட்டும் இந்நாட்டில் வலப்புறம் திரும்ப வேண்டுமாயின், அருகுவரிசையைக் குறுக்கே கடந்து, அப்பாலுள்ள வரிசையில் இடைவெளி கண்டு சேர்ந்தாக வேண்டும். பாரமேறிய லோரி மெல்லத்தான் நகரும். நேரே வரும் மோட்டாரோ உருவத்தில் மெலிந்தது. அது வந்தடைய இன்னும் அவகாசமுண்டு என்று கண் ஏமாறுகிறது. மலேசியச் சாலைகளில் மடிவோருள் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டோர் மோட்டாரில் சென்றவர்களே.

இத்தகைய ஆபத்தை அளக்க, 1968-இல் அமெரிக்காவில் பெர்க்கின்ஸ், ஹாரிஸ் என்னும் இருவர் வகுத்து, பின்னர் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் வளர்த்த முறை, பிணம் விழக் காத்திராமல், மயிரிழையில் தப்பிய தருணங்களையே சந்தியில் நின்று கணக்கிடுகிறது. எதிர்ப்படும் இரு வாகனங்களும் தத்தம் போக்கை மாற்றாதிருந்தால் மோதலுக்கு எத்தனை விநாடி எஞ்சியிருக்கும் என்று அளந்து, 1.5 விநாடிக்குக் குறைந்தவற்றைக் கடுமையானவை என்று கொள்வது வழக்கம். நாமோ அதே தருணத்துக்காக முனீஸ்வரர் சந்நிதியில் சூடம் ஏற்றிவிட்டு மறந்துபோகிறோம். அந்த நன்றி மெய்யானது, புனிதமானது. ஆனால் நமக்குக் கிடைத்த எச்சரிக்கை, பின்னால் வரும் மற்றொருவனுக்கும் உரியதல்லவா?

சைவசித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று பகுத்தபோது, நுகர்ந்தே தீரவேண்டிய பிராரப்தத்தையும், இக்கணத்தில் நாமே ஈட்டும் ஆகாமியத்தையும் வேறுபிரித்துக் காட்டிற்று. முன்கூட்டியே அளந்தறியத்தக்க ஆபத்தை அளக்காது விட்டுவிட்டு, அதன் விளைவை இறந்தவனுடைய பிராரப்தத்தில் எழுதுவது, நம்முடைய ஆகாமியத்தை அவன் தலையில் சுமத்துவதேயாகும். இது சாஸ்திரத்துக்கு இழைக்கும் அபசாரம் என்றே நான் கருதுகிறேன்.

ஆதலின் இவ்வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான் முதல் தஞ்சோங் காராங் வரையுள்ள ஆலய நிர்வாகத்தினர், தத்தம் தோட்டவாயிலில் தப்பிய சம்பவங்களை நாளும் நேரமும் குறித்து எழுதிவைத்து, வலத்திருப்பத்துக்குத் தனித்தடமும் இரவில் விளக்கும் வேண்டுமென்று பொதுப்பணி இலாகாவுக்கு மனுச் செய்வதை, திருவிழா ஏற்பாடுகளோடு ஒக்க வைத்தெண்ணத்தக்க கைங்கரியமாகவே மேற்கொள்ள வேண்டும்.