இறங்குதுறையிலிருந்து திரும்புதலும் வழிபாடே

ஆபத்து முன்னே தெரியும்போது யாத்திரையை நிறுத்தித் திரும்புவது இறைநம்பிக்கையின் குறைவாகுமா என்ற வினா, கடல் கடந்தே கோயிலை அடைய வேண்டிய யாழ்ப்பாணத் தீவகத்தில் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நயினாதீவு நாகபூசணி அம்மனின் பெருந்திருவிழா ஆனி மாதத்தில் நிகழ்கிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வலுத்து வீசுவதும் அப்பருவத்திலேயே ஆதலால், நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் அடியார் கூட்டமும் கடலின் கொந்தளிப்பும் ஒருங்கே பெருகுகின்றன. அப்போது “அம்மாளாச்சி பார்த்துக்கொள்ளுவா” என்னும் சொல் பலர் வாயிலும் எழுகிறது.

சைவ சித்தாந்தம் வினையைச் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகரப்படும் பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படும் ஆகாமியம் என மூன்றாக வகுக்கும். எல்லாம் விதிப்படியே நடக்கும் என்போர் பிராரத்தத்தை மட்டும் எண்ணி ஆகாமியத்தை மறக்கின்றனர். இம்மறதியின் விளைவைப் பனிமலைப் பயணம் தெளிவாகக் காட்டுகிறது. மலையில் பனி படலம் படலமாகப் படிகிறது. அவற்றுள் பிடிப்பற்ற படலம் ஒன்று புதைந்திருக்குமாயின், 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒருவர் அடியெடுத்து வைக்கும் பாரமே அதனை முறித்து, மேற்பனி முழுவதையும் பெயர்த்துவிடப் போதுமானது. பனிச்சரிவில் மாண்ட பயணிகளுள் பெரும்பாலோர் தாமோ தம்முடன் வந்தோரோ பெயர்த்த பனியிலேயே புதைந்தனர். பனி குவிந்தது பிராரத்தத்தின்பாற்படும் எனக் கொண்டாலும், அச்சரிவில் அடிவைத்தது ஆகாமியமே. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றி, பாதுகாப்பு அங்கியும் இன்றிச் சோளகத்தில் புறப்படும் படகுக்கும் இதுவே பொருந்தும்.

கயிலையைக் காணாது மீளேன் என்று உடல் தேயத் தேய ஊர்ந்து சென்ற அப்பரை இதற்கு மறுப்பாகக் காட்டுவோர் உளர். ஆனால் பெரியபுராணம் கூறும் முடிவில், இறைவன் அவரை மலைமேல் ஏற்றவில்லை. பொய்கையொன்றில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச்செய்து, கயிலைக் காட்சியை அங்கேயே அருளினான். வழி அடைபட்டும் தரிசனம் மறுக்கப்படவில்லை. மேலும், அப்பர் பணயம் வைத்தது தம் உடலை மட்டுமே. படகிலோ பிறர் உயிர்களும் உள்ளன.

உயிர்க்கு அறிவு விளங்குவதே திருவருளால் என்பது சித்தாந்தத் துணிபு. எனவே காற்றையும் அலையையும் பார்த்து “இண்டைக்கு ஓடேலாது” என்னும் படகோட்டியின் அனுபவ அறிவையும் அருளின் வழியாகவே கொள்ள வேண்டும். அதனைத் தள்ளிவிட்டுக் கடலில் இறங்குவது பக்தியின் மிகுதி ஆகாது. அச்சொல்லை ஏற்றுத் திரும்புபவர் அம்மனை நம்பாதவரல்லர். தம்முடன் படகேற இருந்த முதியோரையும் குழந்தைகளையும் அவளுடைய உடைமையாக மதித்தவர்.