பூஜ்யக் கோடு யார் போட்டது?

நிலநடுக்கோட்டைப் பூமியின் சுழற்சியே வகுத்துத் தருகிறது. தீர்க்கரேகை எங்கே தொடங்குவது என்பதை மனிதர்தான் முடிவு செய்தாக வேண்டும். 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் அதற்காகவே கூடின. லண்டனின் கிரீன்விச் வானாய்வகத்துக்கு 22 வாக்குகள். சான் டொமிங்கோ எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை.

வாக்கெடுத்துப் பெற்றது உண்மையாகுமா?

கிரீன்விச் வானாய்வக முற்றத்துக் கோட்டில் நிற்பவரின் கைபேசி இன்று பூஜ்யத் தீர்க்கரேகையைக் காட்டாது. அது 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் இருக்கிறது. முற்றத்துக் கோட்டை வகுத்த பழைய தொலைநோக்கி பாதரசப் பரப்பைக் கொண்டு செங்குத்தைக் கண்டது. அங்கே ஈர்ப்பு விசையின் திசை சற்றே சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் அளவீடோ பூமியின் மையத்தை ஆதாரமாகக் கொண்டது. கோடு மனிதர் வகுத்ததுதான், ஆனால் அந்தச் சாய்வை எந்த மாநாடும் வாக்களித்து உண்டாக்கவில்லை. எல்லோரும் ஒரே இடத்திலிருந்து அளக்கச் சம்மதித்ததே அதைத் துல்லியமாகக் காண உதவியது.

பிரான்ஸ் 1911இல் இணங்கியது. அதன் சட்டம் கிரீன்விச்சைப் பெயர் சொல்லாமல், பாரிஸ் நேரத்தை 9 நிமிடம் 21 விநாடி பின்னுக்குத் தள்ளியது.